நல்லா ரெஸ்ட் எடுங்க!

தமிழ்நாட்டில் தினமும் ஆயிரக்கணக்கில் அச்சாகிற, ஆனால் யாரும் விமர்சனம் எழுதாத ஒரு எழுத்து வகை இருக்கிறது. சிறுகதைக்கு விமர்சனம் உண்டு. சினிமாவுக்கு, முதல் காட்சி முடிவதற்குள் உண்டு. சமையல் புத்தகத்துக்குக்கூட யாராவது நாலு வரி எழுதிவிடுகிறார்கள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுக்கிறார்களே டிஸ்சார்ஜ் சம்மரி, அதை மட்டும் ஃபைலில் வைத்து பீரோவுக்குள் தள்ளிவிடுகிறோம்.

கொஞ்ச நாளாக இந்த சம்மரிகளைக் கேட்டு வாங்கிப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் ஒரே வட்டாரம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்கள், பொன்னேரி, கவரைப்பேட்டை, திருவள்ளூர் பக்கத்துக் குடும்பங்கள். சிலது அரசு ஆஸ்பத்திரி, சிலது தனியார், சிலது நர்சிங் ஹோம். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. முத்திரையை மறைத்துவிட்டால் எது எவருடையது என்று எழுதியவர்களுக்கே தெரியாது. நடை அவ்வளவு ஒற்றுமை!

முதலில் அமைப்பு. நோயாளி எப்படி வந்தார், என்ன நோய், என்னென்ன டெஸ்ட், எந்த மயக்க மருந்து, எங்கே கீறினார்கள், எதை எடுத்தார்கள், எந்த நூலால் தைத்தார்கள். இதெல்லாம் முக்கால் பங்கு. பிறகு 'ஆஸ்பத்திரியில் இருந்த காலம் அன்ஈவென்ட்ஃபுல்' என்று ஒரு வாக்கியம். அதாவது குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை. (வயிற்றைக் கிழித்துத் தைத்திருக்கிறார்கள், பாத்ரூம் போக இரண்டு பேர் தாங்கியிருக்கிறார்கள், ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஒன்றுமே நடக்கவில்லையாம்!) கடைசியில், மருந்துப் பட்டியலுக்குக் கீழே, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று நாலு வரி. ரெஸ்ட் எடுக்கவும். கனமான பொருள் தூக்க வேண்டாம். புரதச் சத்துள்ள உணவு. தேவைப்பட்டால் எஸ்ஓஎஸ் வரவும். முற்றும்.

கவனியுங்கள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள். வீட்டில் ஆறு வாரம். மூன்று நாளுக்கு ஒன்றரைப் பக்கம், ஆறு வாரத்துக்கு நாலு வரி. அந்த நாலு வரியும் ஆங்கிலத்தில். மருந்துச் சீட்டைப் புரியும்படி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுதுங்கள் என்று மருத்துவ கவுன்சில் 2016-ல் விதியைத் திருத்தியது. எந்த மொழியில் புரிய வேண்டும் என்பதை அந்த விதி சொல்லவில்லை. நோயாளிக்காக எழுதியதாக இருந்தால் தமிழில் இருக்கும், கும்மிடிப்பூண்டியில் ஒடியாவிலும் இந்தியிலும்கூட இருக்கும். இது அடுத்த டாக்டருக்கும் இன்ஷூரன்ஸ்காரருக்கும் எழுதியது. நமக்கு வெறும் காப்பி.

'கனமான பொருள்' என்ற இரண்டு சொல்லை எடுத்துக்கொள்வோம். ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து வந்திருந்த ஒரு லோடுமேன் என்னிடம் கேட்டார். "சார், வெயிட்டு தூக்காதேன்றாங்களே, எவ்ளோ வெயிட்டு சார்? நான் தூக்கறது அம்பது கிலோ மூட்டை. அஞ்சு கிலோ எனக்கு வெயிட்டா, இல்லியா?" சரியான விமர்சனக் கேள்வி. எழுத்தாளர் பதில் வைத்திருக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர் ஏறக்குறைய 15 கிலோ. நிரம்பிய கேஸ் சிலிண்டர் 30 கிலோ பக்கம். மூன்று வயசுக் குழந்தை 13, 14 கிலோ. வீட்டில் எடை இப்படித்தான் இருக்கிறது. 'குடம் வேண்டாம், பால் பாக்கெட் பரவாயில்லை, குழந்தையை மடியில் உட்கார வைக்கலாம், இடுப்பில் தூக்க வேண்டாம்' என்று எழுத எத்தனை வரி ஆகும்?

எத்தனை நாளைக்கு என்பதிலும் ஆளுக்கொரு கணக்கு. ஒரு சம்மரியில் ஆறு வாரம், இன்னொன்றில் மூன்று மாதம், மூன்றாவதில் நாளே இல்லை. அமெரிக்காவின் லிக்டென்ஸ்டைன் என்ற சர்ஜன், வலை வைத்துத் தைக்கிற முறையை 1980-களில் பரப்பினார். தசையை இழுத்துக் கட்டாததால் ஆள் சீக்கிரம் எழுந்து நடமாடலாம் என்பதுதான் அதன் பெருமை. 2018-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், சிக்கலில்லாத தொடைமடிப்பு ஹெர்னியா என்றால் உடம்புக்குச் சௌகரியமாகத் தோன்றியதும் வழக்கமான வேலைகளைச் செய்யலாம், வீணாகக் கட்டுப்பாடு போடாதீர்கள் என்கிறது. அதற்காக மறுவாரமே மூட்டை தூக்கலாமா என்றால், அந்த உடம்பையும் அந்த வேலையையும் பார்த்து அந்த டாக்டர் சொல்ல வேண்டும். நான் சொல்ல வருவது, சொல்லவில்லை என்பதுதான். ஹெர்னியா செய்த ஆணுக்கும் கர்ப்பப்பை எடுத்த பெண்ணுக்கும் எழுத்துக்கு எழுத்து அதே நாலு வரி இருக்கிறது என்றால், டாக்டர் எழுதவில்லை, கம்ப்யூட்டர் எழுதியிருக்கிறது.

'தேவைப்பட்டால் எஸ்ஓஎஸ்' இன்னும் மோசம். எது தேவை? காய்ச்சல் வந்தால், தையல் போட்ட இடம் சிவந்து சூடாகிச் சீழ் கசிந்தால், வாந்தி நிற்காவிட்டால், ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால் உடனே வர வேண்டும். இதைத் தெரியாமல் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காருகிறவர்கள் உண்டு. காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய்விட்டால் பிறகு எஸ்ஓஎஸ் சொல்ல ஆள் இருக்காது. என் கையில் இருக்கிற சம்மரிகளில் ஒன்றில்கூட இந்த விவரம் அச்சில் இல்லை.

சம்மரி சொல்லாமல் விட்ட இடத்தில் வீடு பேச ஆரம்பிக்கிறது. வீட்டுக்குச் சொந்தமாக ஒரு மருத்துவ நூல் உண்டு. ஆசிரியர், எதிர்வீட்டு அத்தை. பருப்பு சேர்க்காதே, சீழ் வைக்கும். கத்தரிக்காய் அரிக்கும். முட்டை சூடு. மீன் கூடவே கூடாது. பழவேற்காட்டு மீன் பொன்னேரி மார்க்கெட்டுக்குத் தினமும் வருகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா புட்டு செய்து கொடுக்கிற அதே ஊரில், வயிற்றில் தையல் போட்டவனுக்கு ரசம் சாதம், பிரெட், ஹார்லிக்ஸ். புண் ஆறப் புரதம் வேண்டும். பருப்பு, முட்டை, மீன் மூன்றையும் தடை செய்துவிட்டுப் புரதத்துக்கு எங்கே போவது? 'ஹை புரோட்டீன் டயட்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் அத்தை தோற்க மாட்டார். 'தினம் ரெண்டு முட்டை, பருப்பு, மீன் தாராளமாகச் சாப்பிடலாம், சீழ் வைக்காது' என்று டாக்டர் தமிழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் ஏதோ கொஞ்சம் வாய்ப்பிருக்கிறது. (கிட்னி, சர்க்கரைக்காரர்களுக்குக் கணக்கு வேறு. அதையும் எழுத வேண்டியது அவர்தான்.)

இப்போது முதல் வரிக்கு வருவோம். ரெஸ்ட் எடுக்கவும்.

ஒரு காலத்தில் ரெஸ்ட் என்பது ஆஸ்பத்திரியில் நடந்த விஷயம். ஆபரேஷன் ஆனவரை இரண்டு வாரம் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டார்கள். 1940-களில் லீட்ஹவுசர் என்ற அமெரிக்க சர்ஜன், சீக்கிரம் எழுப்பி நடக்க வையுங்கள், அதுதான் நல்லது என்று விடாமல் எழுதினார். 1990-களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் அதையே ஒரு முழுத் திட்டமாக ஆக்கினார். நடுவில் துளை போட்டுச் செய்கிற லேப்ராஸ்கோப்பி வந்தது. இந்தியாவில் முதல் பித்தப்பை லேப்ராஸ்கோப்பியை மும்பையில் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா 1990-ல் செய்தார். ஒரு வாரம் படுத்த ஆபரேஷனுக்கு மறுநாளே வீடு. இதெல்லாம் நல்ல விஞ்ஞானம், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் பி.காம். படித்தவனுக்கு இதில் ஒரு ஜர்னல் என்ட்ரி தெரிகிறது. வார்டில் நர்ஸ் செய்த வேலை காணாமல் போகவில்லை. கட்டு மாற்றுவது, மாத்திரை நேரம், பாத்ரூமுக்குத் தாங்கிப் போவது, ராத்திரி கண்விழிப்பு, எல்லாம் அப்படியே வீட்டுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. வீட்டம்மா கணக்கு டெபிட், வார்டு கணக்கு கிரெடிட். ஆஸ்பத்திரியின் புத்தகத்தில் செலவு குறைந்துவிட்டது. வீட்டம்மாவின் கணக்குக்குப் புத்தகமே கிடையாது. அவர் மீன் கம்பெனிக்கோ செங்கல் சூளைக்கோ போகிறவர் என்றால் அவர் கூலியும் சேர்ந்து போகிறது. நோயாளி அவரே என்றால் கேட்கவே வேண்டாம். ஒரே அறை வீட்டில் இருக்கிற ஒரு அம்மா சொன்னார்: "ரெஸ்ட்டு எடுன்னு எழுதிக்கீறாங்க சார். எந்த ரூம்ல எடுக்கணும்னு எழுதல."

சிப்காட் பக்கம் இன்னொரு வகை வீடும் இருக்கிறது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள் ஏழெட்டு பேர் சேர்ந்து எடுத்த அறை. டே ஷிஃப்ட்காரன் எழுந்த பாயில் நைட் ஷிஃப்ட்காரன் படுப்பான். அந்தப் பாயில் ஆறு வாரம் ஒருவன் படுத்திருந்தால் இன்னொருவனுக்குத் தூக்கமில்லை. ஆகவே அவன் ஊருக்குக் கிளம்புகிறான். பீகாருக்கு ரயிலில் ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும், அன்ரிசர்வ்டில், தையலோடு. பத்தாம் நாள் தையல் பிரிக்க வரவும் என்று சம்மரியில் இருக்கும்.

நம் சினிமாவும் இதே சம்மரி மாதிரிதான். தியேட்டர் கதவுக்கு மேல் சிவப்பு பல்பு எரியும், அணையும், டாக்டர் வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றுவார், அடுத்த காட்சியில் ஹீரோ ஓடுவார். ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) கிட்டத்தட்ட முழுக்க ஆஸ்பத்திரியிலேயே நடக்கிற அருமையான படம். ஆபரேஷன் வெற்றி பெற்றதும் டாக்டரே இறந்துபோகிறார். பிழைத்த முத்துராமன் வீட்டுக்குப் போய் எப்படித் தேறினார், தேவிகா எத்தனை ராத்திரி விழித்திருந்தார், தெரியாது. விதிவிலக்காக 'அன்பே சிவம்' (2003). விபத்துக்குப் பிந்தைய உடம்பைப் படம் முழுக்கச் சுமந்து நடக்கிற ஒரு தொழிற்சங்கக்காரன். அது வந்த நேரத்தில் ஓடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

சம்மரியைப் பற்றி இவ்வளவு கோபப்பட வேண்டுமா என்று கேட்கலாம். அந்தக் காகிதம் பணம் என்பதால்தான். சம்மரியின் முதல் பத்தியில் 'எப்படி நேர்ந்தது' என்று ஒரு வரி வரும். கும்மிடிப்பூண்டியில் மனிதர்களின் ஆறு மாத வாழ்க்கை அந்த ஒரு வரியில் தொங்குகிறது.

விவரமாகச் சொல்கிறேன். இஎஸ்ஐ 1948-ல் வந்த சட்டம். 2025 நவம்பரில் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதன் கீழ் நோய்ப் பலன் என்று ஒன்று உண்டு. வேலைக்குப் போகாமல் வீட்டில் தேறுகிற நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. அதற்குரிய ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். வேலையில் அடிபட்டது என்றால் வேறு பலன். 90 சதவீதம், உடம்பு வேலைக்குத் தகுதியாகும் வரை. 78 நாள் கணக்கெல்லாம் கிடையாது. சேர்ந்த முதல் நாளே மெஷினில் கை போனாலும் உண்டு.

நாள் கூலி 500 ரூபாய் என்று வையுங்கள். ஆறு வாரம் வீட்டில். நோய் என்றால் தோராயமாக 40 நாளைக்கு 350 வீதம் 14,000 ரூபாய். வேலை விபத்து என்றால் 42 நாளைக்கு 450 வீதம் 18,900. நோய் என்று எழுதி, 78 நாளும் தேறவில்லை என்றால் சைபர். கையைப் பிரஸ் மெஷினில் கொடுத்தவனைக் கூட்டி வருகிற காண்ட்ராக்ட் மேஸ்திரி கேஷுவால்டியில் என்ன சொல்வார் என்று நினைக்கிறீர்கள்? 'ரூமில் வழுக்கி விழுந்துட்டான் சார்.' டியூட்டி டாக்டருக்கு விசாரிக்க நேரமில்லை. பையனுக்குத் தமிழ் தெரியாது. அந்த வரி அப்படியே டைப் ஆகி, டிஸ்சார்ஜ் வரை வந்துவிடுகிறது. பிறகு மாற்றுவது லேசில்லை. அட்மிஷனின்போதே கூட இருப்பவர்கள் 'எப்படி நேர்ந்தது' என்ற இடத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். இந்தக் கட்டுரையில் பயனுள்ள வாக்கியம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

இஎஸ்ஐ விதிகளில் ஒரு வேடிக்கையும் உண்டு. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டால் ஆணுக்கு 7 நாள், பெண்ணுக்கு 14 நாள், முழுச் சம்பளம். 70 இல்லை, நூறு சதவீதம். நமக்குத் தேவைப்படுகிற ஆபரேஷனுக்கு 70. அரசாங்கத்துக்குத் தேவைப்படுகிற ஆபரேஷனுக்கு 100. முழுச் சம்பளம் கொடுத்தால்தான் தொழிலாளி வீட்டில் படுப்பான் என்பது அவர்களுக்கும் தெரிந்துதான் இருக்கிறது!

நசுங்கிய விரல்கள் இந்தப் பக்கத்திலிருந்து பெரும்பாலும் போவது சென்னை ஸ்டான்லிக்கு. டாக்டர் ஆர்.வெங்கடசாமி அங்கே உருவாக்கிய கை அறுவைப் பிரிவு நாட்டிலேயே பெயர் பெற்றது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் முதல் கை மாற்று ஆபரேஷன், அதுவும் இரண்டு கைகளும், அங்கேதான் நடந்தது. ஆனால் அறுந்த தசைநாரைத் தைத்தபின் உண்மையான வேலை வீட்டில்தான். அசைக்காமலே விட்டால் ஒட்டிக்கொண்டு விரல் மடங்காது. அவசரப்பட்டு இழுத்தால் தையல் அறுந்துவிடும். சொல்லிக் கொடுத்தபடி கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க வேண்டும், மூன்று மாதம் போலக் கனமான வேலை கூடாது. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஸ்டான்லிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு ஃபிசியோதெரபிக்கும் ஒரு நாள் போய்விடும். மூன்றாவது தடவைக்குப் பிறகு நின்றுவிடுகிறார்கள். அபாரமான ஆபரேஷன், மடங்காத விரல்.

இஎஸ்ஐ இல்லாதவர்களுக்கு முதலமைச்சர் காப்பீடு இருக்கிறது. 2009-ல் கலைஞர் பெயரில் ஆரம்பித்து, 2012-ல் பெயர் மாறி, 2018-ல் மத்தியத் திட்டத்தோடு சேர்ந்தது. லட்சக்கணக்கான ஏழைகளை கந்துவட்டியிலிருந்து காப்பாற்றிய திட்டம், சந்தேகமில்லை. ஆனால் பணம் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. மத்தியத் திட்டத்தில் டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாள் மருந்துக்கு வழி உண்டு. அரிசிக்கு இல்லை. அறுப்பதற்கு லட்சங்கள் தருகிற அரசு, ஆறுவதற்கு ஒரு ரூபாய் ஒதுக்கவில்லை.

முடியாத காரியமா என்றால், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் நின்று வடக்கே பாருங்கள். எளாவூர், ஆரம்பாக்கம், அடுத்தது தடா. மூன்றாவது ஸ்டேஷன் ஆந்திரா. அங்கே 2019 டிசம்பரில் ஆரோக்கியஸ்ரீ ஆசரா என்று ஒன்றை ஜெகன் அரசு தொடங்கியது. ஆபரேஷன் முடிந்து வீட்டில் ஓய்வெடுக்கிற நாளுக்கு 225 ரூபாய், மாதம் அதிகபட்சம் 5,000. டாக்டர் எத்தனை நாள் ரெஸ்ட் என்று எழுதுகிறாரோ அதை வைத்துக் கணக்கு, நேரே பேங்க் அக்கவுன்ட்டுக்கு. 2024-ல் அங்கே ஆட்சி மாறிவிட்டது. ஆந்திரப் பொருளாதாரம் அதைத் தாங்குமா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. எனக்குப் பிடித்தது ஒன்றுதான். ரெஸ்ட் என்று எழுதினால் அரசாங்கத்துக்குச் செலவு வைக்கும் என்றானவுடன், அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் நாள் எண்ணிக்கை எழுதியாக வேண்டும்.

நம் பக்கம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், வீட்டுக்கே வந்து ஃபிசியோதெரபி கொடுக்கிறார்கள், படுத்த படுக்கையானவர்களைப் பார்க்கிறார்கள். பாராட்ட வேண்டிய யோசனை. டிஸ்சார்ஜ் ஆகிறவரின் பெயரை அந்த ஊர்ப் பணியாளருக்குத் தெரிவி என்று ஒரு வரி சம்மரியில் சேர்த்தால் போதும், ஸ்டான்லிக்கான பாதி அலைச்சல் குறையும். திருவள்ளூரில் 2022 ஜனவரியிலிருந்து மருத்துவக் கல்லூரி வேறு இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது எப்படி என்பதை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

என் சேகரிப்பில் ஒரே ஒரு நல்ல படைப்பு இருக்கிறது. பித்தப்பை எடுத்த ஒரு பெண்ணின் சம்மரி. முன்பக்கம் வழக்கம் போல. பின்பக்கத்தில், நீல பால்பாயின்ட் பேனாவில், யாரோ ஒரு நர்ஸ் தமிழில் எழுதியிருக்கிறார். 'குடம் தூக்காதே. தினமும் குளி, தையலைத் துடைத்து ஈரமில்லாமல் வை. முட்டை, மீன் சாப்பிடு, யார் சொன்னாலும் கேட்காதே. காலையும் சாயங்காலமும் தெருமுனை வரை நட. காய்ச்சல் வந்தாலும் கண் மஞ்சளானாலும் அன்றைக்கே வந்துவிடு. மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டு.' கீழே ஒரு போன் நம்பர். பெயர் இல்லை.

அந்தப் பெண் வேலை பார்க்கிற இடத்தில் லீவுக்காக சம்மரியைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு மாதம் என்று கேட்டதற்குப் பத்து நாள் கொடுத்தார்களாம். ஆபீஸ் ஃபைலில் இருக்கிற ஜெராக்ஸைப் பார்த்தேன். முன்பக்கம் மட்டும் எடுத்திருந்தார்கள்.